குருவானவர் இல்லாத ஆண்டில் ஒரு பாரிஷின் ஆண்டுக் கூட்டம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு புறநகர்ப் பாரிஷில் (ஓர் ஆலயமும் அதைச் சுற்றிய பகுதியும்) 2024 கடைசியிலிருந்து 2026 தொடக்கம் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஆலயத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ வராது. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. அதே டீனரியில் (அக்கம்பக்கத்துப் பாரிஷ்களின் தொகுதி) இன்னொரு பாரிஷின் பொருளாளர். கணக்கும் தமிழும் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று, பேராயரின் கீழ் பாரிஷ்களை மேற்பார்க்கும் ஆர்ச்டீக்கன் கேட்டதால் போனேன்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தப் பகுதியிலேயே வாழ்ந்து முதுமை எய்தியவர்கள். மீதியில் பெரும்பகுதி தமிழ்க் குடும்பங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து இலங்கைத் திருச்சபையாரும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மக்களும் அதில் அடக்கம். பதினைந்து, இருபது வருடமாக வருகிறவர்கள் உண்டு. பாடகர் குழுவில் அவர்கள் இருந்தார்கள், ஓய்வுநாள் பள்ளியை அவர்கள்தான் நடத்தினார்கள். சபைக் கமிட்டியில் மட்டும் ஒருவர்கூட இல்லை.

குருவானவர் 2024 இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். அடுத்தவர் வரும்வரை நிர்வாகப் பொறுப்பு, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஆலயப் பொறுப்பாளர்களான இரண்டு வார்டன்களிடமும், டீனரியைக் கவனிக்கும் குருவான ஏரியா டீனிடமும் வந்தது. ஆராதனை நடத்த ஓய்வுபெற்ற குருமார் மாறி மாறி வந்தார்கள். இடைக்காலம் சுமுகமாகவே தொடங்கியது.

நிர்வாக அமைப்பு

நம் சேகரக் கமிட்டியை, அதாவது நம் ஊர்ச் சபைகளின் நிர்வாகக் குழுவை, அறிந்தவர்களுக்கு இங்குள்ள ஏற்பாடு பாதி பழக்கமானதாகவும் பாதி புதிதாகவும் இருக்கும். ஒவ்வொரு பாரிஷுக்கும் பி.சி.சி. (பாரிஷ் சபைக் கமிட்டி) என்று அழைக்கப்படும் கமிட்டி உண்டு. 1919இல் பாராளுமன்றம் திருச்சபைக்குச் சட்டம் வகுக்கும் வழியைத் திறந்துவிட்டது. அதைத் தொடர்ந்து 1921இல் இந்தக் கமிட்டிகள் சட்ட அந்தஸ்து பெற்றன. இன்றைய அதிகாரங்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருபவை. கமிட்டி ஒரு அறநிறுவனம், அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறங்காவலர். கணக்கு எழுதுவது பொருளாளர் என்றாலும் அதற்குப் பொறுப்பு எல்லோருக்கும் சமம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் உட்காரும் பலருக்கு இது தெரிவதில்லை.

1921க்கு முன்பு பாரிஷின் விவகாரங்களை வெஸ்ட்ரி கூட்டம் கவனித்தது. அது ஊர்க் கூட்டம். ஆலயத்துக்கு வருகிறவர், வராதவர் என்ற பாகுபாடு அதில் பெரிதாக இல்லை. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் மே 31க்குள் இரண்டு கூட்டங்கள் நடக்க வேண்டும், வழக்கமாக அடுத்தடுத்து ஒரே நாளில் நடக்கும். முதலாவது வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்து உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலில் பெயருள்ள எவரும் இதில் வந்து ஓட்டுப் போடலாம், ஆலயத்துக்குள் அதுவரை காலே வைக்காதவராக இருந்தாலும். இரண்டாவது சபையின் ஆண்டுக் கூட்டம். அதற்குச் சபையின் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். கமிட்டியின் அறிக்கை, ஆய்வு செய்யப்பட்ட கணக்கு, கட்டடத்தின் நிலை, டீனரி சினட் (டீனரியின் பிரதிநிதிகள் மன்றம்) அறிக்கை, பட்டியலில் நேர்ந்த மாற்றம், சிறுவர் மற்றும் நலிந்தோர் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவை அங்கே வைக்கப்படும். கமிட்டி உறுப்பினர் தேர்தலும் கணக்கு ஆய்வாளர் நியமனமும் அங்கேதான்.

ஒரு மணி நேரத்தில் முடிந்து தேநீருக்குப் போகிற கூட்டம் என்றுதான் அந்தச் சபையில் பலரும் அதை நினைத்திருந்தார்கள்.

ஜனவரியில் தெரியவந்தவை

2025 ஜனவரியில் பொருளாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தவர், ஒரு சதமும் கூலி வாங்காதவர். பெரிய கணக்குப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு வரவும் செலவும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ரசீதுகள் மாதவாரியாக உறைகளில். வங்கி அறிக்கையோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தோம், கணக்கில் வராத செலவு ஒன்றுகூட இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் காலமான ஒரு அம்மையார், ஆலயத்து பைப் ஆர்கனைப் பராமரிக்க என்று உயிலில் குறிப்பிட்டு ஒரு தொகை விட்டுச் சென்றிருந்தார். அது தனிக் கணக்கில் போடப்படவில்லை. பொதுக் கணக்கிலேயே சேர்ந்து கிடந்தது. ஆர்கனுக்குச் செய்த சிறு செலவுகளைக் கழித்தால் சுமார் 19,000 பவுண்டு மிச்சம் இருக்க வேண்டும். வங்கியில் எல்லாம் சேர்த்தே 12,000 பவுண்டுக்குக் கீழ்தான் இருந்தது. மின்சாரம், எரிவாயு, பாய்லர் பழுது, திருமண்டலத்துக்கு (பேராயரின் ஆளுகைப் பகுதி) பாரிஷ் தன் பங்காகச் செலுத்தும் பாரிஷ் ஷேர் எல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்து போயிருந்தன. அதாவது, குறைந்தது 7,000 பவுண்டு ஆர்கன் பணம் பொதுச் செலவில் கரைந்திருந்தது. கணக்கில் பணம் இருப்பதாகத் தெரிந்ததால் யாருக்கும் பற்றாக்குறை உறைக்கவில்லை.

அதே வாரம் வார்டன் ஒருவர் இன்னொன்றைக் கவனித்தார். திருச்சபைச் சட்டப்படி வாக்காளர் பட்டியலை ஆண்டுதோறும் திருத்த வேண்டும், ஆறு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் புதிதாக எழுத வேண்டும். 2019க்குப் பிறகு 2025 அப்படிப்பட்ட ஆண்டு. பழைய பட்டியலில் இருந்த 88 பேரின் பெயரும் தானாகவே நீங்கிவிடும், எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலைக் கவனிக்கும் அலுவலர் பொறுப்பு ஒரு வருடத்துக்கு மேலாகக் காலியாக இருந்தது. அந்த 88இல் இறந்துபோனவர்களும், கடலோர ஊர்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் இருந்தார்கள். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஏழு பேர் மட்டுமே இருந்தார்கள்.

முதல் முடிவு: தேதி

அந்தச் சபையில் ஆண்டுக் கூட்டம் வழக்கமாக மார்ச் கடைசி ஞாயிறு. கணக்கு முடியாத நிலையில் மூன்று யோசனைகள் வந்தன: வழக்கமான நாளில் முடிந்ததை மட்டும் வைத்து நடத்துவது, பேராயரிடம் கேட்டுக் கெடுவை நீட்டித்துக்கொள்வது, மே நடுவுக்குத் தள்ளுவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மே 18 என்று குறித்தார்கள்.

காரணம் எளிது. கூட்டத்துக்கு முன் கணக்கைக் கமிட்டி ஏற்க வேண்டும், வெளி ஆய்வாளர் பார்க்க வேண்டும், பிறகு குறைந்தது ஏழு நாள் சபையார் பார்வைக்கு வைக்க வேண்டும். புதிய பட்டியலுக்கான அறிவிப்பு கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே கதவில் ஒட்டப்பட வேண்டும். பட்டியல் கூட்டத்துக்கு 15 நாளுக்குக் குறையாமலும் 28 நாளுக்கு மிகாமலும் முன்னதாக முடிய வேண்டும். கூட்டம் மே 18 என்றால் பட்டியலை ஈஸ்டருக்குப் பிறகு முடிக்கலாம். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20. அபூர்வமாக வருகிறவர்களும் அன்று வருவார்கள். குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் மூன்றுமே படிவம் கொடுக்கக் கிடைத்த நாள்கள்.

வாக்காளர் பட்டியல்

இந்த ஆண்டின் கடினமான வேலை பணம் அல்ல, இதுதான் என்பது என் கருத்து.

கமிட்டியில் ஒரு மூத்த உறுப்பினர் நேராகவே கேட்டார்: தேர்தலுக்கு முன் இத்தனை பேரை ஒரேயடியாகச் சேர்ப்பது சரியா? கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த சபை கைநழுவிப் போகுமோ என்ற கவலை அது. வார்டன் பதில் சொல்லாமல் விதியை வாசித்துக் காட்டினார். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது நிறைந்திருக்க வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபையிலோ அதோடு ஐக்கியம் உள்ள திருச்சபையிலோ அங்கத்தினராக இருக்க வேண்டும். அப்புறம், பாரிஷில் குடியிருக்க வேண்டும் அல்லது முந்திய ஆறு மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். சி.எஸ்.ஐ.யும் இலங்கைத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ளவை. அந்தக் குடும்பங்கள் எவருடைய தயவிலும் சேர வேண்டியதில்லை, விண்ணப்பித்தால் பெயர் ஏற வேண்டும். தகுதியுள்ளவர் எல்லோருக்கும் தெரியப்படுத்துவது கமிட்டியின் கடமை என்று முடிவாகி, நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது.

இன்னொருவர் பணத்தை எடுத்துப் பேசினார். பட்டியல் பெருத்தால் பாரிஷ் ஷேர் ஏறுமோ என்று. பட்டியலைச் சிறிதாக வைத்தால் திருமண்டலத்துக்குக் குறைவாகக் கட்டலாம் என்ற எண்ணம் சில பாரிஷ்களில் உண்டு. அது தவறான கணக்கு என்பதை அழுத்தமாகச் சொல்லவேண்டும். ஒரு மனிதரின் ஓட்டுரிமையைச் செலவு மிச்சம் பிடிக்கும் கருவியாக்குவது அது.

எதிர்ப்பைவிடப் பெரிய தடை தமிழ்க் குடும்பங்களின் தயக்கம். பல வீடுகளுக்கும் படிவத்தோடு போனேன். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், எழுபது கடந்தவர், படிவத்தைத் திருப்பி என் கையிலேயே தந்தார். “தம்பி, நாங்கள் கும்பிட வாறனாங்கள். கூட்டம் எல்லாம் அவையின்ர வேலை” என்றார். திருநெல்வேலிக்காரர் ஒருவரின் தயக்கம் வேறு மாதிரி. ஊரில் சேகரத் தேர்தலில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை முறிந்ததைப் பார்த்தவர். “எலக்‌ஷன்னு வந்தா சபை ரெண்டாப் போகும், வேண்டாம் சார்” என்றார். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. வாதாடி வெல்ல நான் முயலவில்லை. அன்ரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: வருகிற குருவானவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பாரிஷ் எழுதிக் கொடுக்கப் போகிறது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அதில் யார் சொல்வார்கள்? அடுத்த ஞாயிறு படிவம் வந்தது.

சிலர் முகவரி வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கதவில் ஒட்டும் பட்டியலில் பெயர் மட்டுமே இருக்கும் என்று சொன்னதும் அந்தப் பயம் போயிற்று. ஒரு வாலிபப் பெண் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கி ஒரு பக்கம் எழுதினாள். அதை நூலகத்து அச்சு இயந்திரத்தில் நகலெடுத்து இருக்கைகளில் வைத்தோம். ஆங்கில முதியவர்களுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. ஆலயத்துக்கு வர முடியாமல் வீட்டோடு இருந்த பலரிடம் வார்டன்களே படிவத்தைக் கொண்டு போனார்கள். தாங்கள் மறுபடி கையெழுத்திட வேண்டும் என்பதே அந்த முதியவர்களுக்குத் தெரியாது.

பட்டியல் 127 பேருடன் முடிந்தது. இதற்கு உடனடி விளைவு ஒன்று இருந்தது. பட்டியலில் 51 முதல் 100 பேர் வரை இருந்தால் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் சபையார் ஒன்பது பேர். நூறைத் தாண்டினால் பன்னிரண்டு.

ஒரு விதி மட்டும் நாங்கள் எதிர்பார்த்த வேகத்துக்குத் தடையாக வந்தது. கமிட்டிக்கு நிற்க, 18 வயதுக்கு மேற்பட்டவரின் பெயர் குறைந்தது ஆறு மாதம் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பழைய பட்டியலில் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஏப்ரலில் சேர்ந்தவர்கள் மே மாதம் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. இதை முன்கூட்டியே எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டது நல்லதாயிற்று. கூட்டத்து நாளில் ஒருவரை எழுப்பி “உங்களுக்குத் தகுதியில்லை” என்று சொல்ல நேர்ந்திருந்தால், அதுவரை கட்டிய நம்பிக்கை அந்த ஒரு நிமிடத்தில் போயிருக்கும்.

ஆர்கன் நிதி

ஒரு நோக்கத்துக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தை வேறு எதற்கும் செலவிடக்கூடாது. இது அறநிறுவனச் சட்டத்தின் அடிப்படை. நல்ல காரியத்துக்குச் செலவானது என்பது பதிலாகாது. பாய்லர் ஓடாமல் குளிர்காலத்தில் ஆராதனை நடத்த முடியாதுதான், ஆனால் அந்த அம்மையார் பாய்லருக்குக் கொடுக்கவில்லை.

கமிட்டியில் நான்கு கருத்துகள் வந்தன. இந்த ஆண்டுக் கணக்கில் தொகையை மட்டும் காட்டி, பற்றாக்குறையை அடுத்த ஆண்டு மெல்லச் சரிக்கட்டலாம் என்றார் ஒருவர். அம்மையாரின் மகள் சபையில்தான் இருக்கிறார், அவரிடம் சம்மதம் வாங்கிப் பொது நிதியாக மாற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். பொருளாளரைக் குற்றவாளியாக்கிக் காவல்துறைக்குப் போகவேண்டும் என்று கோபத்தோடு ஒருவர். நடந்ததை அப்படியே கணக்கில் எழுதி, திருப்பிச் சேர்க்கும் திட்டத்தோடு சபை முன் வைக்கவேண்டும் என்று வார்டன்கள்.

இரண்டாவது யோசனை பார்க்க அழகானது, அதனால்தான் ஆபத்தானது. உயிலில் எழுதிய நோக்கத்தை மகளோ, உயிலை நிறைவேற்றியவரோ பின்னால் மாற்ற முடியாது. நோக்கத்தை மாற்றச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, ஆர்கன் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கையில் அந்த வழியில் போக நியாயம் இல்லை. துக்கப்பட்ட ஒரு பெண்மணியிடம் போய் அவரால் கொடுக்க முடியாத அனுமதியைக் கேட்டுச் சங்கடப்படுத்தவும் கூடாது.

திருமண்டல நிதி அலுவலகத்தின் ஆலோசனையும் வார்டன்கள் சொன்னதை ஒட்டியே இருந்தது. கமிட்டி தீர்மானம் நிறைவேற்றியது: எவ்வளவு, எந்த ஆண்டுகளில், எதற்குச் செலவானது என்று ஆண்டு அறிக்கையில் ஒரு முழுப் பக்கம். கமிட்டி முழுவதுமாகப் பொறுப்பேற்கும் என்ற வாக்கியம் அதில். பொருளாளரின் பெயர் அதில் இல்லை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர் எழுதிய கணக்கு ஆண்டுதோறும் கமிட்டிக்கு வந்தது, கமிட்டி ஏற்றது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. வார்டன் ஒருவர் அந்தப் பக்கத்தை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அவரிடம் முதலில் படித்துக் காட்டினார். “பெயரைப் போட்டிருக்கலாம்” என்றாராம் அவர். வேண்டாம் என்று கமிட்டி உறுதியாக இருந்தது.

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. இங்கே தமிழ்க் குடும்பங்களின் பழக்கம் உதவியது. ஊரில் சங்கக் காணிக்கை (சபைக்குத் தவறாமல் தரும் சந்தா) கொடுத்துப் பழகியவர்கள் என்பதால் மாதம் தவறாமல் எண் போட்ட உறையில் ரொக்கம் போட்டு வந்தார்கள். எந்த எண் யாருடையது என்று பதிவேடும் இருந்தது. வருமான வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்டு உறுதிமொழியில் கையெழுத்திட்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். நான்கு ஆண்டு வரை பின்னோக்கியும் கோரலாம். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோரிடம் யாரும் அந்தப் படிவத்தைக் கொடுத்ததே இல்லை. யார் கொடுத்தது என்று தெரியாத சிறு ரொக்கக் காணிக்கைக்கு வேறொரு திட்டம் உண்டு. 30 பவுண்டு வரையிலான காணிக்கைகள், ஆண்டுக்கு மொத்தம் 8,000 பவுண்டு வரை, அதற்கு அரசு தருவது 2,000 பவுண்டு வரை. அதையும் அந்தச் சபை கோரியிருக்கவில்லை. அந்தக் கோரிக்கைக்குப் பின்னோக்கிய காலம் இரண்டு ஆண்டுதான்.

கிஃப்ட் எய்டில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த ஆண்டில் போதுமான வரி கட்டாதவர் கையெழுத்திட்டால் வித்தியாசத்தை அவரே அரசுக்குக் கட்ட நேரும். ஓய்வூதியம் மட்டுமே வாங்கும் முதியவர்களிடமும், பகுதிநேர வேலை பார்ப்பவர்களிடமும் “நீங்கள் கையெழுத்திட வேண்டாம்” என்று சொல்லியே படிவம் கொடுக்கப்பட்டது.

மே மாதக் கூட்டம்

அறிவிப்பு மே 4, 11 ஆகிய இரண்டு ஞாயிறுகளும் கதவில் இருந்தது. கணக்கு அதனருகே. முதல் கூட்டம் தனக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இரண்டாவதைக் கமிட்டியின் சபையார் தரப்புத் துணைத் தலைவர் நடத்தினார்.

வார்டன்களில் ஒருவர் தொடர்ந்து ஆறு முறை அந்தப் பொறுப்பில் இருந்தவர். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தோடு அவர் ஒதுங்க வேண்டும், கூட்டம் விரும்பினால் தீர்மானம் போட்டு அந்த வரம்பை நீக்கலாம். அவர் தொடரத் தயாராக இருந்தார், நன்றாக உழைத்தவரும்கூட. குருவானவர் இல்லாத நேரத்தில் அனுபவமுள்ளவரை இழக்கலாமா என்று பலர் கேட்டார்கள். நெடுநேரம் பேசி, வரம்பை நீக்குவதில்லை என்று கூட்டம் முடிவு செய்தது. ஒரே ஆளிடம் இருபது வருடம் இருந்த கணக்கின் விளைவை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப் போகிறோம், இங்கே எப்படி அதையே செய்வது என்று ஒரு பெண்மணி கேட்டது பலர் மனதை மாற்றியது. விளைவு: ஒரு வார்டன் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டார், இன்னொரு இடத்துக்கு மனுவே வரவில்லை.

ஆர்கன் பக்கம் வாசிக்கப்பட்டபோது அம்மையாரின் மகள் எழுந்தார். அம்மாவின் பணம் எப்போது முழுதாகத் திரும்பும் என்று கேட்டார். தற்காலிகப் பொருளாளர் பதினெட்டு மாதம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நிதியின் இருப்பை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும், அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதப்பட்டது.

கமிட்டியில் அந்த ஆண்டு நிரப்ப வேண்டிய ஏழு இடங்களுக்கு எட்டுப் பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டுத் தேர்தல். பழைய பட்டியலில் இருந்த தமிழர்களில் இருவரும், படிவத்தை விளக்கி எழுதிய பெண்ணும் வந்தார்கள். அவளுக்கு அப்போது 17 வயது, ஆகவே ஆறு மாத விதி அவளைத் தடுக்கவில்லை. தோற்ற ஒருவர் தேர்தலுக்குப் பின் நாற்காலிகளை அடுக்க உதவிவிட்டுத்தான் போனார். திருநெல்வேலிக்காரர் பயந்த பிளவு நிகழவில்லை.

பின்னர் நடந்தவை

ஜூனில் கமிட்டி தனக்குள்ள அதிகாரத்தின்படி இருவரை நியமன உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஒருவர் ஏப்ரலில் பட்டியலில் சேர்ந்த தமிழர், தொழிலில் கணக்காளர். அவரே பொருளாளரானார். பழையவர் வீடு திரும்பிய பின் சில மாதம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்.

காலியான வார்டன் இடத்துக்குச் செப்டம்பரில் ஊரார் கூட்டம் மறுபடி கூட்டப்பட்டது. சபையில் யாரும் எதிர்பாராத ஒரு நடுவயதுக்காரர் வந்தார். இடையில் இருந்த ஒரே வார்டனுக்குச் சுமை அதிகம். வரம்பை நீக்கியிருக்கலாமோ என்று அந்தக் கோடையில் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

புதிய குருவானவருக்காகப் பாரிஷின் நிலை, தேவை, மரபு பற்றி எழுதிய அறிக்கையைக் கமிட்டி இலையுதிர் காலத்தில் முடித்தது. நியமனத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய இரண்டு சபைப் பிரதிநிதிகளில் ஒருவர் தமிழ்ப் பெண்மணி. ஓய்வுநாள் பள்ளிக்கு அதில் அரைப் பக்கம் கிடைத்தது.

கிஃப்ட் எய்டும் சிறு காணிக்கைத் திட்டமும் சேர்ந்து ஆர்கன் நிதிக்கு 2025 டிசம்பருக்குள் 5,000 பவுண்டுக்குச் சற்று மேல் திரும்பியது. மீதிக்குப் பொது நிதியிலிருந்து மாதம் ஒரு தொகை போகிறது. கட்டாமல் விட்ட பாரிஷ் ஷேர் பாக்கியும் ஒன்று உண்டு, அது அப்படியே இருக்கிறது. திருமண்டலத்தோடு அதுபற்றிய பேச்சு முடியவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

நோக்கம் குறித்து வரும் பணம் வந்த நாளிலேயே தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கணக்கேட்டில் தனிப் பத்தி போதும் என்பது சட்டப்படி சரியே. ஆனால் மின் கட்டணம் வந்து நிற்கும்போது பத்தி யாரையும் தடுக்காது. கமிட்டிக்கு மாதாந்திர அறிக்கை மொத்த இருப்பைச் சொல்லாமல் ஒவ்வொரு நிதியின் இருப்பையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் அந்தச் சபை செய்துவிட்டது. பொருளாளருக்கு ஒரு உதவியாளர் வேண்டும் என்ற தீர்மானம் இருக்கிறது, ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

பட்டியலை ஆறு வருடத்துக்கு ஒருமுறை நினைக்கக்கூடாது. புதிதாக வருகிற குடும்பத்துக்கு ஆறு மாதம் ஆனதும் ஒருவர் படிவத்தோடு போய் உட்கார வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 2025இல் தகுதியுள்ள தமிழர் இருபது பேராவது நிற்கக்கூடிய நிலையில் இருந்திருப்பார்கள். படிவத்தை மேசையில் வைத்து அறிவிப்புக் கொடுப்பது போதாது. நம் மக்களில் பலர் அழைக்காத இடத்துக்குப் போக மாட்டார்கள்.

வார்டனின் ஆறாண்டு வரம்பு எப்போது வருகிறது என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். ஐந்தாம் ஆண்டிலேயே அடுத்தவரைத் தயார் செய்யத் தொடங்கினால் செப்டம்பர் வரை காத்திருக்க நேராது.

கூட்டத்துத் தமிழ்ச் சுருக்கத்தை எழுத்தில் முன்பே கொடுத்தது நன்றாக வேலை செய்தது. கூட்டத்தின் நடுவே மொழிபெயர்த்தது அவ்வளவு சரியாக வரவில்லை. இரண்டு மொழியும் அரைகுறையாகி, கேள்வி கேட்க நினைத்தவர்கள் பின்வாங்கினார்கள். 2026 கூட்டத்துக்கு அறிக்கை முழுவதும் இரண்டு மொழியில் ஒரு வாரம் முன்பே போகும். அந்த ஆண்டு டீனரி சினட்டுக்கும் மூன்று வருடத்துக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் திருத்தத்துக்கு ஏற்பாடு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் 2025இல் சேர்ந்தவர்கள் தேர்தலில் நிற்பதை ஆறு மாத விதி இனித் தடுக்காது. ஆர்கனைப் பழுது பார்க்கக் கேட்ட மதிப்பீடு கமிட்டியிடம் இருக்கிறது. நிதி முழுதாகத் திரும்பிய பிறகே ஆலயத்தில் இத்தகைய வேலைகளுக்குத் திருமண்டலம் தரும் ஃபேகல்டி என்ற அனுமதிக்கு விண்ணப்பிப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.